ஈரக்குலை

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசை,
நாலாவது மருந்துக்கடை. மதியம் ரெண்டரை.
உவரியிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார் கஸ்பார்,
சட்டைப்பையில் நனைந்து காய்ந்த நோட்டுகளோடு.

"அந்த மஞ்சக் குளிகை ஒரு டப்பா தாங்கம்மா.
மீன் ஈரல் எண்ணெ. வீட்டுக்காரிக்கு."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
கடலுக்குள் இறங்கி ஏறுகிற ஆள்
எங்கோ பனிக்கடலில் பிடித்த மீனின் ஈரலுக்கு
நானூற்று எண்பது ரூபாய் எண்ணுகிறார்.
அவரும் சிரித்தார்.
"சுறா ஈரல உருக்கி எங்கய்யா வள்ளத்துக்குப் பூசுவாக.
மரத்துக்குன்னா பூசலாம்.
மனுசனுக்குன்னா சீட்டு ஒட்டியிருக்கணும்லா?"

"எத்தன மாசம்?"
எதற்குக் கேட்டேன் என்று தெரியாது. பழக்கம்.
கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"மூணு நடக்கு."

எடுத்த டப்பாவை மறுபடி அடுக்கில் வைத்தேன்.

தண்ணியில கரையுற சத்து வந்த வழியே போயிரும், அண்ணாச்சி.
இது கொழுப்புல கரையுறது.
கந்துவட்டிக்காரன் மாதிரி வாசல்லயே உக்காந்துரும்.
மீன் தன் ஈரலில் சேர்த்து வைத்ததை
நாம் வாங்கி நம் ஈரலில் சேர்க்கிறோம்.
ஏ வைட்டமின் அளவோட இருந்தா கண்ணுக்கு வெளிச்சம்.
அளவு மிஞ்சினா,
உள்ள முகமும் நெஞ்சும் உருவாகுற மாசத்துல
வேலை பிசகிரலாம்.

"டப்பாவுல தாயும் பிள்ளையும் சிரிக்காவளே?"

அச்சடிச்சவனுக்கு உங்க வீட்டம்மாவத் தெரியாது.

கொஞ்ச நேரம் நின்றார்.
கோபமா, கூச்சமா, பிடிபடவில்லை.
"அப்ப என்னத்தக் குடுக்க?"
சாளைக் குழம்பு வைங்க. டாக்டர் எழுதுன மாத்திரைய மட்டும் குடுங்க.
வலைக்கு வந்து கொட்டுகிற சாளையைச் சொன்னதில்
அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அவர் போன பிறகு மேலப்பாளையம் மைதீன் பிச்சை,
இருதயத்தில் உலோக வால்வு டிக் டிக் என்கிறவர்,
மீன் எண்ணெய் நல்லது என்று வாட்ஸப்பில் வந்ததாம்.
ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மாத்திரை விழுங்குகிறார்.
டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க என்றேன்.
அதுவும் விற்கவில்லை.

விற்றதும் உண்டு.
சுத்தமல்லி செண்பகவல்லியின் பையன்
கால் வளைந்து வாத்து நடை நடந்தவன்.
டாக்டர் துளி எண்ணி எழுதிய சீட்டுக்கு
எட்டு மாதம் அதே ஈரல் எண்ணெயைக் கொடுத்தேன்.
போன வாரம் கடைப்படியில் ஓடி ஏறி
மிட்டாய் பாட்டிலைத் தட்டிவிட்டான்.

ராத்திரி கணக்கு முடிக்கும்போது முதலாளி சொன்னார்:
"ஃபார்மசி படிச்ச பிள்ளைய வச்சா
வேண்டாம்னு சொல்லத்தான் தெரியுது."

ஒன்பதே கால். ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
கடை போன்.
கஸ்பார். பின்னால் அலை. குரலை ஒளித்துப் பேசுகிறார்.

"எம்மா, மச்சினன் தோஹாவுலருந்து கொண்டுவந்த டப்பா ஒண்ணு
அரிசிப் பானைக்குள்ள இருந்திருக்கு.
பதினோரு நாளாத் தின்னிருக்கா.
தீரப் போகுதுன்னுதான் இன்னொண்ணு கேட்டிருக்கா.
எனக்கு ஈரக்குலையெல்லாம் பதறுது."

எனக்கும்தான். அதைச் சொல்லவில்லை.

ஒரு நாளைக்கு எத்தன?
"ஒண்ணு."
டப்பாவத் திருப்புங்க. பின்பக்கம், பொடி எழுத்து.
ஏ-க்கு நேரா என்ன போட்டிருக்கு?

டார்ச் தேடினார். கண்ணாடி தேடினார்.
பிறகு ஒவ்வொரு எண்ணாக வாசித்தார்,
கயிறு விட்டு ஆழம் பார்க்கிறவர்
பாகம் பாகமாக எண்ணுவது போல:

"எட்டு.
பூச்சியம்.
பூச்சியம்.
அதுக்கு மேல எண்ணு இல்ல."

எண்ணூறு மைக்ரோகிராம்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

பயப்படுற அளவு இல்ல, அண்ணாச்சி.
இன்னைக்கோட நிறுத்துங்க.
நாளைக்குக் காலையில
டப்பா, மாத்திரை, வீட்டம்மா,
மூணையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க.
அவங்களத் திட்டாதீங்க.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
கல் தரை தட்டிய பிறகு
கயிறு தளர்கிற மாதிரி
ஒரு மூச்சு.